பின்கதவுக்கு அடியில் அப்பா

வாலுவின் அப்பாவுக்கு உறவுக்காரர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் "அப்புறம்". முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் அவருக்கு வேறு பெயரே கிடையாது. எதைக் கேட்டாலும் மனுஷர் "அப்புறம் பாக்கலாம்" என்பார். சொல்லி வாயை மூடுவதற்குள் காலில் செருப்பு ஏறியிருக்கும். முடியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை. சண்டை போடலாமென்றால் ஆள் கையில் சிக்க வேண்டுமே! அம்மா தன் பாதிச் சண்டைகளை அவர் எழுந்துபோன நாற்காலியோடுதான் போட்டு முடித்திருக்கிறாள்.

வாலு அவருடைய ஒரே மகள். அவளுக்கும் நல்லதாக ஒரு பெயர் உண்டு. ஆனால் படித்து முடித்து வேலைக்கு வந்த பிறகும் வீட்டில் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தும்படி அவளும் நடந்துகொள்ளவில்லை.

அப்பாவின் தொழில் மைக் செட். கூட்டம், கல்யாணம், பள்ளிக்கூட விழா, கடைத் திறப்பு எதுவானாலும் ஒலிபெருக்கியும் மைக்கும் ஒயரும் அவர் வீட்டிலிருந்துதான் போகும். வாலு ஹாலுக்குள் சுற்றிச் சுற்றி ஒயர் இழுப்பாள், மைக்கைச் சரிசெய்வாள். அப்பா மேடைக்குக் கீழே ஓரமாக, ஜனங்களைப் பார்த்தபடி மிக்சர் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து குமிழ்களைத் திருகிக்கொண்டிருப்பார். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததே இல்லை.

வினை அந்த நாற்காலியில்தான் வந்தது. ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக் போனால் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கத்தல் வருமே, அது எந்த மைக் செட்டிலும் எப்போதாவது வரும். போர்டில் இருக்கிறவர் சட்டென்று ஒரு குமிழைத் திருகினால் அடங்கிவிடும். போன மாதம் பள்ளிக்கூட நாடகத்தின்போது மைக் கத்தியது. வாலுவைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. அப்பாவோ போர்டின் சின்ன விளக்கு வெளிச்சத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி புன்னகைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாலு விழுந்தடித்து ஓடிப்போய்க் குமிழைத் திருகினாள்.

"எதுக்கு அதைத் தொடறே?" என்றார் அப்பா.

அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. கீச்சென்ற சத்தம் எதுவும் அவர் காதில் விழவில்லை. பேச்சு விழுகிறது, பாட்டு விழுகிறது, மேல்சத்தம் மட்டும் போய்விட்டது. குக்கர் விசிலை அவர் கண்டுகொள்ளாததை வீட்டில் இத்தனை நாளும் சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தார்கள். அதற்காக அவர் வாங்கிய திட்டையெல்லாம் நினைத்து வாலுவுக்கு வருத்தமாக இருந்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

விழா முடிந்ததும் தலைமையாசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படிக் கத்துச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்மா, தப்பா எடுத்துக்காதே" என்று சொல்லிவிட்டார். அதே பள்ளிக்கூடத்தின் அடுத்த விழா இன்றைக்குச் சாயங்காலம். வாலுவுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அந்த நாற்காலியில் இன்றைக்கு அவள் உட்கார வேண்டும். அதுவும் அப்பாவே எழுந்து கொடுக்க வேண்டும். நாலு பேர் பார்க்க அவரை எழுப்பிவிட்டு உட்கார அவளுக்கு மனசு வராது.

வாரம் முழுக்கக் கேட்டாள். மைக்கில் ஈரம் என்றார். ஒயர் பழசு என்றார். ஹாலின் கூரை தகரம், அதனால்தான் என்றார். காது என்ற சொல்லை எடுத்த அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான் மைக் செட் ஏற்றிப்போகிற வண்டியின் பின்கதவு குறுக்கே வந்தது.

வண்டி பழைய வண்டி. உயரமானது, அகலமானது, முன்னால் பார்த்தால் ஜீப், பின்னால் பார்த்தால் பீரோ. அதன் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். செய்து விற்றபோதே கனமான கதவு. அப்பா அதோடு விட்டாரா? ஸ்பீக்கர் பெட்டி இடித்து நசுங்கக் கூடாதென்று உள்பக்கம் ஓர் இரும்புத் தகடு, விளம்பரத்துக்கு வெளிப்பக்கம் ஒரு புனல் ஒலிபெருக்கி, மேலே ஏறுவதற்கு ஓர் ஏணி என்று அதன் மேல் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனார். கதவைத் தூக்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் காற்றடைத்த தண்டுகள் உண்டு, கேஸ் ஷாக் என்பார்கள். அவை இரண்டும் எப்போதோ உயிரை விட்டுவிட்டன. அதற்குப் பதில் அப்பா உடைந்த மைக் ஸ்டாண்டு ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார். அது நினைத்தபோது நிற்கும், நினைத்தபோது வழுக்கும். வீட்டில் கதவிடம் குட்டு வாங்காத தலையே கிடையாது. அப்பாவின் வழுக்கைத் தலையில் அது ஒரு நிரந்தரப் புடைப்பையே உண்டாக்கியிருந்தது.

அம்மாவின் தம்பி டிங்கர் வேலை பார்க்கிறவர். நசுங்கிய வண்டியைத் தட்டித் தட்டி நேராக்குவார், ஆனால் அவர் பேச்சு எப்போதும் கோணல்தான். அவர் ஒரு தடவை புது ஷாக் வாங்கி மாட்டிப் பார்த்தார். கதவு பாதி ஏறி, கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுபடி இறங்கிவிட்டது.

"இது கம்பெனிக் கதவுக்குச் செஞ்ச ஷாக்கு மச்சான். இது நீங்க செஞ்ச கதவு" என்றார் மாமா.

பிறகு அம்மாவின் எடை பார்க்கும் மெஷினை வண்டியின் பின்விளிம்பில் வைத்து, அதன் மேல் ஒரு கம்பை நிறுத்தி, கதவை அந்தக் கம்பின் மேல் மெல்ல இறக்கி, எடை பார்த்தார். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்து அவருக்கே வியர்த்தது. "அக்கா! கதவு உன்னைவிட கனம்" என்று கத்தினார். அம்மாவுக்கு அன்றைக்கு முழுதும் உற்சாகம் தாங்கவில்லை. அந்தக் கனத்துக்குத் தோதாக ஒரு பெரிய லாரி உதிரிபாகக் கடையில் சொல்லிவைத்து வாங்கிய ஷாக்குகள் இன்று காலை வந்து சேர்ந்திருந்தன. மாமா அவற்றை மடியில் வைத்துக்கொண்டு சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி மாத்துவீங்க மாமா?" என்றாள் வாலு.

"ஒண்ணு ஒண்ணாத்தான். ஒரு பக்கம் முட்டுக் கொடுத்துட்டு, இந்தப் பக்கத்துப் பழசைக் கழட்டிப் புதுசை மாட்டிட்டு, அப்புறம்தான் அடுத்த பக்கம் போகணும். ரெண்டையும் ஒரே நேரத்துல கழட்டினா அவ்ளோதான், யாராவது ஒருத்தர் கதவைத் தாங்கிட்டு நிக்கணும். நகரவே முடியாது."

அம்மா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். தம்பியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"நகரவே முடியாதா?" என்றாள்.

அந்த முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை வாலு பல வருஷமாகப் பார்த்ததில்லை.

"பாவம்மா" என்றாள் வாலு, ஒப்புக்கு.

"யாரு, நானா? ஆமா, பாவம்தான்" என்று அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள்.

காரியம் கச்சிதமாக நடந்தது. அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உதவிக்கு வந்தார். வேலை என்றால் அவர் நழுவ மாட்டார், கேள்வி என்றால்தான் நழுவுவார். அதைச் சொல்லத்தான் வேண்டும். மாமா ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பை நெம்பி ஒரு ஷாக்கைக் கழற்றினார். பிறகு ஏதோ ஞாபகத்தில் என்பதுபோல அடுத்ததையும் கழற்றினார். "மச்சான், கொஞ்சம் பிடிங்க" என்றார். அப்பா இரண்டு கையையும் உயர்த்திக் கதவைப் பிடித்தார். மாமா கதவு மேலே சேரும் இடத்தில் கீலை ஸ்பேனரால் கடகடவென்று ஏதோ செய்தார். அந்த நேரம் பார்த்து அம்மா வந்து மைக் ஸ்டாண்டை உருவினாள்.

"ஏய், ஏய்! அது எதுக்கு உனக்கு?" என்றார் அப்பா.

"கொடிக்கயிறு தொங்குது. முட்டுக் கொடுக்கணும்" என்று சொல்லி அம்மா அதை எடுத்துக்கொண்டு போயே விட்டாள்.

"மச்சான், கதவைக் கீழே மட்டும் இறக்கிடாதீங்க" என்றார் மாமா. "கீல் போல்ட்டை லூஸ் பண்ணியிருக்கேன். இறக்கினா கதவு மொத்தமா கழண்டு வந்துடும், கண்ணாடி தூள். இந்தா, புது ஷாக்குக்கு ஒரு வாஷர் சேரலை, வாங்கிட்டு ஓடி வந்துடறேன்."

மாமா வாசல் வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி, பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் வந்து இரண்டாவது டீயை எடுத்துக்கொண்டார்.

அப்பா இரண்டு கைகளாலும் உச்சந்தலையாலும் கதவைத் தாங்கிக்கொண்டு நின்றார். அவர் நிற்கிறார், நின்ற இடத்திலேயே நிற்கிறார் என்பதே பார்க்கப் புதுமையாக இருந்தது. முறைப்படி முதல் உரிமை அம்மாவுக்கு. அவள் ஒரு முக்காலியைக் கொண்டுபோய் அவருக்கு எதிரே போட்டு, சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"என்னங்க, குளியலறைக் கதவுத் தாழ்ப்பாள் எப்போ மாத்தறீங்க?"

"அப்பு..." என்று தொடங்கினார் அப்பா. கால் தானாக ஓர் அடி வைத்தது. கதவு அவர் தலையில் ஓர் அமுக்கு அமுக்கியது. "சரி. மாத்தறேன்."

"எங்கக்கா வீட்டுக்கு ஒரு தடவை போகணும். நாலு நாள் தங்கணும். நீங்களும்தான்."

"சரி."

"மாடி அறையில உங்க பழைய ஸ்பீக்கருங்க கிடக்கே, குப்பை மாதிரி. எடுத்துப் போடணும்."

"சரி சரி. உன் தம்பி எங்கே போய்த் தொலைஞ்சான்?"

"வருவான். அவசரமென்ன?" என்றாள் அம்மா. கேட்கக் கேட்க அவளுக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அப்பா எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். அவர் கையில் இருந்த நாய் கூட எட்டிப் பார்த்தது.

"என்ன சார், யோகாவா?"

"வந்து ஒரு கை கொடுய்யா!"

"கொடுக்கலாம் சார். எனக்குத் தோள்பட்டை சரியில்ல. அது போகட்டும், என்கிட்ட வாங்கின ஏணி..."

"இன்னிக்கே தந்துடறேன்."

"ஏணி மட்டும் இல்ல, என் கடைக்கு ஒரு சின்ன ஸ்பீக்கரு கேட்டிருந்தேன்."

"சரிய்யா, எடுத்துக்க!"

தையல்காரர் நாயைக் கீழே விட்டுவிட்டு, இன்னும் கேட்பதற்கு என்ன இருக்கிறதென்று தன் மனைவியிடம் விசாரிக்க வீட்டுக்குள் ஓடினார். நாய் சுவரின் இடுக்கு வழியாக வந்து, வண்டிக்கடியில் படுத்துக்கொண்டது.

கடைசியாக வாலுவின் முறை வந்தது. அம்மா முக்காலியை அவளிடம் கொடுத்துவிட்டு, கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள்.

"அப்பா, இன்னிக்குப் போர்டுல நான் உக்காரட்டுமா?"

"சரிம்மா, நீயே உக்காரு."

வாலு துள்ளி எழுந்தாள். ஒரு வாரம் தவம் கிடந்து கிடைக்காதது ஒரு நொடியில் கிடைத்துவிட்டது. எழுந்த வேகத்திலேயே அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தாழ்ப்பாளுக்குச் சொன்ன அதே சரி. பெரியம்மா வீட்டுக்குச் சொன்ன அதே சரி. கதவு மேலே போனதும் இந்தச் சரிகள் எல்லாம் காற்றோடு போய்விடும். சாயங்காலம் மனுஷர் நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, புன்னகை செய்வார்.

"அப்பா, நிஜமாவா?"

"அதான் சொல்லிட்டேன்ல. உன் மாமனைக் கூப்பிடு, கை மரத்துப் போச்சு."

"உங்க காது..."

"என் காதுக்கென்ன? உங்கம்மா சமையலறையில முணுமுணுக்கறதே கேக்குது எனக்கு" என்றார் அப்பா. பொய். அம்மா சமையலறையில் முணுமுணுக்கவில்லை, தம்பியோடு சேர்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பொய்தான் வாலுவைக் கிளப்பிவிட்டது. அவள் கைபேசியை எடுத்தாள். ஹாலில் ஒலிபெருக்கியைச் சோதிப்பதற்காக அதில் ஒரு செயலி வைத்திருந்தாள். ஒரே சீரான சத்தம் எழுப்பும், விரலால் நகர்த்தினால் மேலே மேலே ஏறும். அவள் அதை மைக் கத்துகிற அளவுக்கு ஏற்றி, சத்தத்தை முழுதாக வைத்து, கதவுக்கடியில் நீட்டினாள்.

வண்டிக்கடியில் படுத்திருந்த நாய் துள்ளியெழுந்து, வானத்தைப் பார்த்து ஊளையிட்டது. "ஐயோ, என்னடி அது, காது கிழியுது!" என்று சமையலறையிலிருந்து அம்மா அலறினாள். மாமா டீ டம்ளரோடு காதைப் பொத்திக்கொண்டு முன்வாசலுக்கு ஓடி வந்தார். சுவருக்கு மேல் தையல்காரரின் தலையும் அவர் மனைவியின் தலையும் ஒன்றாக முளைத்தன.

அப்பா நாயைப் பார்த்தார்.

"இதுக்கு என்ன ஆச்சு திடீர்னு?" என்றார்.

அப்பா எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். காதைப் பொத்திய கைகளைப் பார்த்தார். பிறகுதான் வாலுவின் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தார். வாலு சட்டென்று அதை அணைத்தாள். அதைச் செய்திருக்கவே கூடாது என்று அவளுக்கு அந்த நொடியே தோன்றிவிட்டது. தனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்திருந்த ஒன்றை அவள் சுவர் ஏறிப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேலையில் இறங்கினார். வாலு தோளைக் கொடுத்துக் கதவைத் தாங்கினாள். மாமா வலப்பக்கம் ஒரு ஷாக்கை வைத்து அழுத்தினார், டக்கென்று உட்கார்ந்தது. இடப்பக்கமும் டக். "விடுங்க மச்சான்" என்றார். அப்பா கையை எடுத்ததுதான் தாமதம், கதவு விர்ரென்று மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. நன்றாக நின்றது. எவ்வளவு நன்றாக என்றால், மூடுவதற்காக மாமா அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார், வரவில்லை. அம்மாவும் சேர்ந்து தொங்கிய பிறகுதான் அரைமனதாக இறங்கியது.

"கீல் போல்ட்டை டைட் பண்ணலியே?" என்றார் அப்பா. குரலே எழும்பவில்லை.

"அதெல்லாம் நல்லா டைட்டாத்தான் இருக்கு மச்சான், நான் எங்கே லூஸ்..." என்று சொல்லிவிட்டு மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்பா மாமாவைப் பார்த்தார். வாசலோரம் சாய்த்து வைத்திருந்த மைக் ஸ்டாண்டைப் பார்த்தார். அதில் கொடியும் இல்லை, துணியும் இல்லை. அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். இந்தத் தடவை அப்புறம் என்றுகூடச் சொல்லவில்லை.

"போகட்டும், சாப்பாட்டுக்கு வந்துடுவாரு" என்றாள் அம்மா. சாப்பாட்டுக்கு வரவில்லை. கைபேசியில் கூப்பிட்டால், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அம்மா அவருடைய சாப்பாட்டை மூடி வைத்தாள். மூன்று பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

"நீதான் நோண்டி நோண்டிக் கேட்டே" என்றார் மாமா அக்காவிடம்.

"போல்ட்டுப் பொய் சொன்னது யாரு?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. நான்தான்" என்றாள் வாலு.

சாயங்காலம் அவரில்லாமலேயே கிளம்ப வேண்டியதாயிற்று. மாமா வண்டியை ஓட்டினார். பள்ளிக்கூடத்தில் வண்டியை ஹாலை ஒட்டி நிறுத்தி வாலு பின்கதவின் பிடியைத் திருகினாள். கதவு சீறிக்கொண்டு மேலே போனது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேனின் தொப்பியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. வேறு ஒரு நாளாக இருந்தால் வாலு அதற்காகவே இரண்டு நாள் சிரித்திருப்பாள். இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, தொப்பியை வண்டிக் கூரையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, பெட்டிகளை இறக்கினாள்.

"அப்பா வரலியா?" என்றார் தலைமையாசிரியை.

"வருவாரு டீச்சர்" என்றாள். தனக்கே நம்பிக்கையில்லை.

ஒயர் இழுத்து, மைக் வைத்து, எல்லாம் முடிந்தது. ஹால் நிரம்பியது. போர்டுக்கு முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, உட்காரத்தான் முடியவில்லை. மேடையில் மணியடித்தார்கள். வேறு வழியில்லாமல் நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் அப்பா வந்தார். பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்து, அவளைப் பார்க்காமலேயே நடந்து, முன்வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலியை எடுத்தார். எடுத்து, திருப்பிப் போட்டார். மேடைக்கும் மகளுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

வாலு அந்த முதுகையே பார்த்தாள். இவ்வளவு கோபமா? பேசாமல் இருக்கலாம், திட்டலாம், வராமலேகூட இருந்திருக்கலாம். இப்படி ஊர் பார்க்க முதுகைக் காட்டவா வந்தார்? பக்கத்து நாற்காலிக்காரர் "மேடை அந்தப் பக்கம் சார்" என்று சொல்வது தெரிந்தது. அப்பா தலையை ஆட்டினாரே தவிர, திரும்பவில்லை.

ஒரு சின்னப் பெண் பாட வந்தாள். மைக்கை ஸ்டாண்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு, பாடியபடியே நேராக ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றாள். சன்னமாக அந்தக் கீச்சு தொடங்கியது. வாலுவின் விரல் அதற்குள் குமிழில் இருந்தது. ஒரு திருகு. கீச்சு வளரும் முன்பே செத்தது, பாட்டு மட்டும் நின்றது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஹாலில் அத்தனை பேரும் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் தலை மட்டும் வரிசை வரிசையாக, ஒருவரையும் விடாமல் இடமிருந்து வலமாக மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோது அவர் எழுந்து போர்டுக்கு வந்தார். அவள் பதறி எழுந்தாள். தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஒரு மூஞ்சிகூட சுளிக்கலம்மா" என்றார்.

"அதையா பாத்துட்டிருந்தீங்க?"

"வேற எதைப் பாக்கறது? ரெண்டு வருஷமா நான் அப்படித்தானே ஓட்டறேன். யாராவது மூஞ்சியைச் சுளிச்சா, உடனே குறைச்சுடுவேன். மூஞ்சி பொய் சொல்லாது. போன தடவைதான் நாடகம்னு விளக்கையெல்லாம் அணைச்சுட்டாங்க. ஒரு மூஞ்சியும் தெரியல. நான் என்ன செய்வேன் சொல்லு?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இரண்டு வருஷமாக ஒவ்வொரு விழாவிலும் ஹால் முழுவதையும் கண்ணால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷனை வாலு அண்ணாந்து பார்த்தாள்.

"ஸாரிப்பா" என்றாள். "காலைல அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது."

"நாய்தான் பாவம்" என்றார் அப்பா. பிறகு குனிந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, முன்வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "நாளைக்கு என்னை ஒரு காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. மெஷின் வெக்கணும்னா வெச்சுக்கறேன். உங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம். எனக்குக் காது கேக்கலேன்னு அவ நம்பிட்டிருக்கற வரைக்கும்தான் வீட்டுல எனக்கு நிம்மதி."

அவருக்கு நேர் பின்னால், மூடி வைத்த சாப்பாட்டை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்த அம்மா நின்றுகொண்டிருந்தாள். "வீட்டுக்கு வரட்டும், வெச்சுக்கறேன்" என்று அவள் மெல்லிய குரலில், மிகவும் சந்தோஷமாகச் சொன்னாள். அப்பாவுக்கு அது கேட்கவில்லை.